பூஜ்யம் போட்டால் விசிறி நிற்கும்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே டிரைவர்களோடுதான் மல்லுக்கட்டு. நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறேன். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் டிரைவர்களுக்காக யார் யாரோ எழுதி அனுப்பும் விளக்கக் குறிப்புகளைப் படித்துக் குறை சொல்கிறார். எனக்காவது மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அவருக்கு அந்த வேலையில் சல்லிக்காசு கிடையாது, பெயர் மட்டும்தான். அந்தப் பெயரால்தான் இத்தனை மானக்கேடும்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற நிரல் ஒன்று இருக்கிறது, கெர்னல் என்று பெயர். அதில் ஒரு வகை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். ஊருக்கு ஒருவராக ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து அதை எழுதுகிறார்கள். கேமராவோ விசிறியோ, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் கெர்னல் இயக்க வேண்டுமென்றால் அதற்கென்று டிரைவர் என்கிற ஒரு குட்டி நிரல் வேண்டும். அந்த டிரைவரை எப்படிக் கையாள்வது என்று ஒரு குறிப்பும் வேண்டும். எழுத நினைப்பவர் அதை மெயிலில் குழுவுக்கு அனுப்புவார். பேட்ச் என்பார்கள், கிழிந்த சட்டைக்குப் போடுகிற ஒட்டு மாதிரி. குழுவில் இருப்பவர்கள் எல்லார் முன்னிலையிலும் அதை உதறிக் காயப்போடுவார்கள். அனுப்பியவர் திருத்தி மறுபடி அனுப்புவார். அவர்கள் மறுபடி உதறுவார்கள். யாருக்காவது மனம் குளிர்ந்தால், ‘இதை நான் படித்துச் சரிபார்த்தேன்’ என்று ஒரு வரி எழுதித் தன் பெயரையும் முகவரியையும் போடுவார். அந்த வரி பேட்சோடு ஒட்டிக்கொண்டு கெர்னலின் சரித்திரத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அதை யாராலும் அழிக்க முடியாது.

அந்த ஒரு வரியை என் வீட்டுக்காரர் லேசில் யாருக்கும் தரமாட்டார். பகலில் அவருக்கு வேலை தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில். பம்போடு பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே ஒரு தாள், அதை எழுதுபவர் அவர்தான். பெட்டியைப் பிரித்ததும் எல்லாரும் முதலில் எதைத் தூக்கிப் போடுவார்களோ, அது. பக்கத்து வீட்டில் அவர் கம்பெனி பம்பே வாங்கினார்கள். தாளை ஜன்னல் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் மனிதர். கெர்னல் குறிப்பை மட்டும் யாரோ நிஜமாகவே படிக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு அதில் பிடிமானம். காலையில் எழுந்ததும் சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பார். நான் இன்னொரு ஓரத்தில் கீரையோ வெங்காயமோ நறுக்கிக்கொண்டிருப்பேன். படித்துக்கொண்டே உச்சுக் கொட்டுவார்.

குழுவில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எங்கள் பாஷையில் சொன்னால் ‘அடிக்கோடு’. அந்தக் குறிப்புகளில் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே சின்னச் சின்னக் குறிகளால் ஒரு கோடு போட வேண்டும். தலைப்பு எவ்வளவு நீளமோ கோடும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். ஒரு குறி குறைந்தாலும் இவருக்குப் பொறுக்காது. மற்றவர்கள் முதல் பத்தியைப் படிப்பதற்குள் இவர் கோட்டை எண்ணிப் பதில் போட்டிருப்பார். யாரோ கேலியாக வைத்த பெயர்தான். இவர் அதைப் பட்டம் கொடுத்ததுபோல் எடுத்துக்கொண்டார்.

மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, இன்னும் மோசம். என் தம்பி பெயர் உலகத்தில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது என்று பால் ஊற்ற வருகிறவரிடம்கூட அளந்துவிடுவார். “எங்கே, என் போன்ல காட்டுங்க பார்க்கலாம்” என்று அந்த ஆள் ஒரு நாள் கேட்டுவிட்டார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் பாலே திரிந்திருக்கும்.

ஒரு வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் குழுவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. அந்தக் கம்பெனி முகவரியிலிருந்துதான் எழுதுவார். பெட்டிக்குள் சூடு ஏறாமல் ஒரு விசிறி ஓடுமில்லையா, அதைக் கட்டுப்படுத்தும் சிப்புக்குக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். ஆணா பெண்ணா என்று பெயரை வைத்து எங்களுக்குத் தெரியவில்லை. இவர் ‘புதுசு’ என்பார். நான் ‘அந்தப் பிள்ளை’ என்பேன். மூன்றாவது தடவையோ என்னவோ, பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், மகளுக்குக் காய்ச்சல், பக்கத்திலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது என்று எழுதியபோதுதான் அது குடும்பஸ்தர் என்று தெரிந்தது. என் வாயில் மட்டும் அந்தப் பிள்ளை அந்தப் பிள்ளையாகவே நின்றுவிட்டது.

இவர் அவரைப் படுத்தியெடுத்தார். கோடு ஒன்று குறைகிறது. வரி நீளமாக இருக்கிறது. வரியின் கடைசியில் ஒரு காலி இடம் தொங்குகிறது. அவர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லித் திருத்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நான்கூடக் கேட்டேன், இதெல்லாம் நீங்களே திருத்திவிட்டால் ஆகாதா என்று. அப்புறம் எப்படிக் கற்றுக்கொள்வார்கள் என்றார். வண்டி சொல்லித் தருகிற எனக்கே பாடம்.

அந்தக் குறிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. விசிறிக்கான கட்டளையில் பூஜ்யம் போட்டால் விசிறி நின்றுவிடும் என்று அவர் எழுதியிருந்தார். இவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். மற்ற விசிறி டிரைவர்களில் பூஜ்யம் என்றால் கட்டுப்பாட்டை விட்டுவிடு என்று அர்த்தமாம். கட்டுப்பாடு போனால் விசிறி முழு வேகத்தில் ஓடும், பெட்டிக்கு ஆபத்தில்லை. குழுவின் வழக்கமே அதுதான். “விசிறியை நிறுத்தறதுக்கு ஒரு கட்டளையாம், சூடு ஏறி வெந்து போறதுக்கா?” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மற்றக் குறிப்புகளில் இருப்பதுபோல, பூஜ்யம் என்றால் முழு வேகம் என்று மாற்றவும் என்று பதில் எழுதினார்.

அந்தப் பிள்ளை மாற்றி அனுப்பினார். பேட்ச் மெயிலில் ஒரு இடத்தில் மூன்று சின்னக் கோடுகள் போடுவார்கள். அதற்குக் கீழே எழுதுவது படிப்பவர்களுக்கு மட்டும். பேட்ச் கெர்னலில் ஏறும்போது கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தானாக வெட்டுப்பட்டுப் போய்விடும். அந்த இடத்தில் அவர் பணிவாக எழுதியிருந்தார்: நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். ஆனால் என் மேஜையில் இருக்கும், சிப் பொருத்திய பலகையில் பூஜ்யம் போட்டால் விசிறி நிற்கிறது. சிப்பின் கையேட்டில் விசிறிக் கட்டுப்பாடு பற்றிய பகுதியை ஒரு தடவை பார்க்க முடியுமா?

கையேடு இவர் லேப்டாப்பிலேயே இருந்தது. திறக்கவில்லை. அந்தப் பலகையில் ஏதோ ஒயர் மாறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தலைப்புகளுக்குக் கீழே கோடுகளை மட்டும் கடைசியாக ஒரு தடவை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்தது. ‘இதை நான் படித்துச் சரிபார்த்தேன்’ என்று எழுதிப் பெயரைப் போட்டுவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையிடமிருந்து பதில் வந்திருந்தது. உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன் என்று. இவர் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

அடுத்த வருஷ வெயிலில் அது வெடித்தது.

அந்தக் கம்பெனியின் பெட்டிகளை ஒரு நூலகம் வாங்கியிருக்கிறது. காற்றுப் போகாத மர அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். வெயில் காலமாயிற்றே, விசிறி முழு வேகத்தில் ஓடட்டும் என்று அங்கிருந்த ஆள் குறிப்பைத் திறந்து படித்திருக்கிறார். பூஜ்யம் என்றால் முழு வேகம் என்று அச்சடித்ததுபோல் இருந்திருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் வந்து பார்த்தால் அலமாரியிலிருந்து புகை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிகள் அத்தனையும் கருகிப் போயின. நூலகம் கம்பெனியைப் பிடித்தது. அந்த ஆளே குழுவுக்கும் எழுதினார், உங்கள் குறிப்பை நம்பினேன் என்று.

குழுவில் ஒரு பெரிய ஆள், வாய் கொஞ்சம் நீளம், பேட்ச் அனுப்பியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதை எழுதும்போது உன் கையில் அந்தச் சிப் இருந்ததா, இல்லை கனவு கண்டு எழுதினாயா என்று கேட்டார். எல்லாரும் பார்க்கிற இடத்தில், பழைய மெயில்களைப் புரட்டிப் பார்க்காமலே. அந்தப் பிள்ளை ஒரே வரியில் பதில் போட்டார்: தவறு என்னுடையது, மன்னிக்கவும்.

இவர் பெயரை இழுக்கவே இல்லை.

அன்றைக்கு இவர் கையேட்டைத் திறந்ததை நான் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பகுதியில் ஒரே வாக்கியம், கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: பூஜ்யம் எழுதினால் விசிறி நிற்கும். இவர் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தட்டில் வைத்ததை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போய், காய்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்தார். இருபது வருஷத்தில் இவர் துணி மடித்து நான் பார்த்ததில்லை. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பிள்ளையிடமிருந்து இவருக்குத் தனியாக ஒரு மெயில். அதையும் நான் படித்தேன், இவரே திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்: கம்பெனியில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்த வேலை எனக்குப் போகக் கூடாது. முதலில் சரியாகத்தான் எழுதினேன் என்று நானே குழுவில் சொன்னால் பழியைத் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். நீங்கள் ஒரு வரி எழுதினால் என் மேலதிகாரி நம்புவார். முடியுமா? இவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை, குத்திக் காட்டவில்லை.

உடனே எழுதியிருக்க வேண்டும். கல்லும் கரையும் மெயில் அது. ஆனால் அதே வாரம் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கெர்னலில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பெயர்கள் போட்ட ஒரு கோப்பு உண்டு. அதில் ஒருவர் பெயர் ஏறினால் அந்தப் பகுதிப் பேட்சுகளெல்லாம் தானாகவே அவர் பார்வைக்கு வரும். இத்தனை வருஷம் ஓரமாக நின்று குறை சொன்னவரை நடுவில் உட்கார வைப்பது மாதிரி. விசிறி, வெப்பமானி டிரைவர்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார். குறிப்புகளுக்கு அதிகாரபூர்வச் சரிபார்ப்பாளராக என் வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்கலாம் என்று அவரே முன்மொழிந்திருந்தார். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று குழுவில் போட்டு ஒரு வாரம் காத்திருந்தார்கள்.

நாத்தனாருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. தையல்கடைக்காரரிடம் தம்பிக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார், யாரும் நேரில் பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்ன பிறகும்.

எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதணும் என்றார். மறுநாள் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை என்றார். மெயிலை ஆரம்பிப்பார், தலைப்பு எழுதுவார், அழிப்பார். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விலகினால் நிமிஷத்தில் பதில் போடுகிற ஆள், தன் தப்பை எழுத வாக்கியம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மென்று முழுங்கிச் சொன்னார், அந்தப் பெயர் ஏறிவிடட்டும், ஏறின கையோடு எழுதிவிடுகிறேன் என்று.

எனக்கு வந்ததே கோபம். வீட்டில் கத்தினால் மாடிக்குக் கேட்கும். ஸ்கூல் வண்டியைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்திருந்தேன், அதற்குள் ஏறச் சொன்னேன். அவரை ஓட்டுகிற இடத்தில் உட்கார வைத்து நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வண்டியில் சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்.

“இது எதுக்கு இருக்குன்னு தெரியுமா?” என்று அதை மிதித்துக் காட்டினேன்.

தெரியும் என்று தலையாட்டினார்.

“புதுசா ஓட்ட வர்றவங்க நான் இடதுன்னா இடது திருப்புவாங்க. சுவரே இருந்தாலும் திருப்புவாங்க. நான் சொல்லி அவங்க இடிச்சா, இறங்கி நிக்க வேண்டியது நான். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, “எனக்குச் சம்பளம் இல்லையே” என்றார்.

“பேர் இருக்கே. அதை வாங்கத்தானே காத்துக்கிட்டு இருக்கீங்க?”

அவர் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அதை மேல்பக்கமாகத் திருப்பி வைத்தார். அடுத்த நாள் முதல் ஆளாக நான் வண்டியில் ஏறி அதைச் சரிசெய்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் அவர் அன்றைக்கும் எழுதவில்லை. எழுதினால் ஆட்சேபம் வரும், பெயர் ஏறாது, அக்கா தெருவில் தலைகாட்ட முடியாது. இதெல்லாம் அவர் வாயால் சொன்னதல்ல, முகத்திலேயே எழுதியிருந்தது. இப்படி ஒரு கோழையோடா குடித்தனம் நடத்துகிறோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. ஸ்கூலில் யாரோ என் வீட்டுக்காரரை விசாரித்தபோது பேச்சை மாற்றினேன்.

வாரம் முடிந்தது. ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. வரக்கூடியது ஒரே ஒருவரிடமிருந்துதான், அந்தப் பிள்ளையோ வாய் திறக்கவில்லை. பெயர் ஏறிவிட்டது. வாழ்த்து மெயில்கள் வரிசையாக வந்தன. அந்த நீள வாய்க்காரர்கூட, இனி கோடுகள் பத்திரம் என்று எழுதினார். நாத்தனார் ஒரு தட்டு இனிப்போடு இறங்கி வந்து தம்பி வாயில் ஒன்றைத் திணித்தார். அவர் மென்றார், முழுங்கத் தெரியாத பிள்ளை மாதிரி அதை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா மாடியேறியதும் போய்த் துப்பிவிட்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை வார்த்தை தேடவில்லை. முதலில் நீங்கள் எழுதியதுதான் சரி, நான்தான் மாற்றச் சொன்னேன், நீங்கள் பார்க்கச் சொன்ன பக்கத்தை நான் பார்க்கவில்லை, உங்கள் மேலதிகாரியிடம் இதை அப்படியே காட்டலாம், தேவையென்றால் நானே பேசுகிறேன். தாமதித்ததற்கு என்ன காரணம் என்றும் ஒளிக்காமல் எழுதினார். என்னிடம் காட்டினார். அனுப்புங்கள் என்றேன்.

அனுப்பினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. இருவருக்கும் ஒரு கணம் உயிர் வந்தது. திறந்து பார்த்தால் ஆள் எழுதியதல்ல, இயந்திரம் அனுப்பியது. இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை.

கம்பெனி முகவரிதானே. வேலை இருக்கிறவரைதான் முகவரியும். ஆளை அனுப்பிவிட்டு அன்றைக்கே மூடியிருப்பார்கள். அவர் வேறு முகவரி கொடுத்ததில்லை, இவரும் கேட்டதில்லை. கம்பெனிக்கு எழுதினார், போன் செய்தார். முன்னாள் ஊழியர்கள் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்று யாரோ பாடம் ஒப்பித்ததோடு சரி. இவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பெயர். அந்தப் பெயரில் எத்தனையோ பேர். நான்கைந்து பேருக்கு எழுதிக் கேட்டார், எல்லாரும் நான் அவரில்லை என்றார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாரே என்று நான் ஒரு நாள் வாய்விட்டுவிட்டேன். “அதை ஞாபகப்படுத்தாதே” என்றார், கெஞ்சுகிற குரலில்.

பிறகு குழுவில் எல்லாருக்கும் எழுதினார். அந்தக் குறிப்பைத் திருத்தி ஒரு பேட்ச், அதோடு நடந்தது முழுவதும். இந்தத் தடவை மூன்று கோட்டுக்குக் கீழே எழுதவில்லை. மேலே எழுதினார், வெட்டுப்படாத இடத்தில். எழுதியவர் சரியாகத்தான் எழுதினார், சரிபார்த்த நான் தவறாக மாற்றச் சொன்னேன் என்று கெர்னலின் சரித்திரத்திலேயே ஏறும்படி. பொறுப்பாளர் கோப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டார்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. பாராட்டினார்கள். எவ்வளவு நேர்மை, இப்படி ஒருவர் பொறுப்பில் இருப்பது நமக்குப் பெருமை, பெயரை எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை என்றார் தலைவர். ஒருவர் அதைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கப் போகிறேன் என்றார். சரியாக எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாத்தனார் அதையும் தெருவில் சொன்னார். தம்பியின் பெருந்தன்மையைப் பற்றி. இவர் பின்வாசல் வழியாகக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார்.

அந்தச் சிப் பொருத்திய பலகை ஒன்றை வரவழைத்துச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறார். பேட்ச் எது வந்தாலும் மாட்டிப் பார்க்காமல் பதில் எழுதுவதில்லை. கோட்டை எண்ணுவதை விட்டுவிட்டார். ‘அடிக்கோடு தூங்குகிறாரா’ என்று குழுவில் கேலி செய்தார்கள். சட்டை இன்னும் தையல்கடையிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. குறிப்பின் தலைப்பில் எழுதியவர் பெயரும் முகவரியும் போட்டிருக்கும். அந்தக் குறிப்பை யார் தொட்டாலும், எழுதியவருக்கும் ஒரு பிரதி போகும்படி மெயில் அனுப்பும் கருவியே அந்த முகவரியைத் தானாகச் சேர்த்துவிடும். உடனே இயந்திரத்திடமிருந்து பதில் வரும், அப்படி ஒருவர் இல்லை என்று. எல்லாருக்கும் தொல்லை. செத்த முகவரி, எடுத்துவிடலாம் என்று தலைவரே ஒரு பேட்ச் அனுப்பினார். ஒரே ஒரு வரி. இவர் பார்வைக்கு வந்தது, பொறுப்பாளர் ஆயிற்றே. இவர் மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, அவர்தான் சரியாக எழுதியவர், அவர் பெயரும் முகவரியும் இருக்கட்டும், தொல்லை என்று நினைப்பவர்கள் என்னிடம் கொடுங்கள், இனி அந்தக் குறிப்பின் பேட்சுகளை நானே அனுப்பிக்கொள்கிறேன் என்று எழுதினார்.

அதனால் இப்போது அந்தப் பதில் இவருக்கு மட்டும்தான் வருகிறது. நேற்றுக் காலையும் வந்தது. நான் மேஜையின் என் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார், இயந்திரம் கக்கிய எண்களைக்கூட விடாமல், உதடு அசைய. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பார்த்துப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை.

“அதுல என்ன இருக்கும்னு தெரியாதா உங்களுக்கு? அதையும் படிக்கணுமா?” என்றேன்.

“படிக்காமதானே இவ்வளவும் ஆச்சு” என்றார்.

நான் வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்தேன். அவர் இன்னும் கடைசி வரிக்கு வரவில்லை.